பசியும் பழியும்

உலகில் கோடிக்கணக்கான மக்கள் அடுத்த வேளை உணவுக்கு வழியின்றித் தவிக்கும்போது, உணவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் உண்ண மறுப்போரைப் பற்றியும், உண்டதை வாந்தியாக்கி வெளியேற்றுவோரைப் பற்றியும், வயிறு நிறைந்த பின்னரும் நிறுத்தவியலாது உண்போரைப் பற்றியும் எழுதுவது முற்போக்கு எழுத்துக்கு அடுக்குமா என்று வாசகர் ஒருவர் வினவக்கூடும். 'வசதி படைத்தோரின் வியாதி' என்று இதனை ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவதும் நம்மிடையே எளிது. வினா நேர்மையானது, ஆதலின் அதற்கு நேர்மையாகவே விடையிறுத்தல் வேண்டும். அவ்வாறு விடைகாண முற்படுமிடத்து, இவ்வாறு ஒதுக்கிவிடும் எண்ணமே இந்நோய்களின் வரலாற்றில் ஒரு பகுதியாக இருந்து வந்துள்ளது என்பதையும், அதனால் மிகுதியும் தாக்குண்டவர்கள் வசதி படைத்தோர் அல்லர் என்பதையும் காண்போம்.

உண்ணல் நோய் என்றதும் பலர் மனத்தில் எழுவது ஒரே உருவம்: மேலைநாட்டிலே செல்வக் குடும்பத்திற் பிறந்து, மெலிவே அழகு எனக் கருதி, எலும்பும் தோலுமாய்ப் போன ஓர் இளம்பெண். 1983ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்கப் பாடகி கரென் கார்ப்பென்ரர் தமது 32ஆவது வயதில் இறந்தபோது, பத்திரிகைகள் வாயிலாக இவ்வுருவம் உலகெங்கும் பரவிற்று. அந்த உருவம் பொய்யன்று. அத்தகைய பெண்கள் இருந்தனர், இறந்தனர். ஆயினும் ஒரு பகுதியை முழுமையெனக் கொள்ளும்போது உண்மையும் பொய்யின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகிறது.

இவ்வுருவம் எவ்வாறு தோன்றியது? 1689இல் றிச்சர்ட் மோர்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர், உடலை உருக்கும் நோய்கள் பற்றி இலத்தீன் மொழியில் எழுதிய நூலில், வேறு நோய்க்குறி எதுவும் காணப்படாமலே பசியிழந்து மெலிந்த இருவரை விவரித்தார். ஒருத்தி பதினெட்டு வயது மதிக்கத்தக்க பெண், அவள் இறந்தாள். மற்றவன் பதினாறு வயதுப் பையன். அவன் ஓரளவு தேறினான். இந்நோய் பற்றிய மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளுள் ஒன்றிலேயே நோயாளர் இருவருள் ஒருவர் ஆணாக இருந்தமை மனங்கொளத்தக்கது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின்னர், 1873இல், லண்டனில் சேர் வில்லியம் கல்லும் பாரிசில் சார்ள்ஸ் லசேக்கும் ஒருவரையொருவர் சாராது இதே நோயை விவரித்தனர். கல் அதற்கு 'அனொரெக்சியா நெர்வோசா' எனப் பெயரிட்டார். ஆண்களிடத்தும் இதனைத் தாம் இடையிடையே கண்டதாக அவரே குறித்திருக்கிறார். ஆயினும் அவர் இளவரசருக்கு வைத்தியம் செய்து பட்டம் பெற்ற மருத்துவர். அத்தகையோரின் வாயிலைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பத்தினரே. மருத்துவர் கண்டவர்களே நோயாளராயினர். காணப்படாதோர் நோயற்றவராகக் கருதப்பட்டனர். நோய் எந்த வர்க்கத்தாரைப் பற்றியதோ, நோயைக் கண்ட கண் ஒரு வர்க்கத்தின் வீடுகளுக்குள்ளேதான் நோக்கிற்று.

பின்னர் அக்கண் மெல்ல மெல்ல அகன்றது. 1955இல் அமெரிக்க மருத்துவர் அல்பேர்ட் ஸ்ரங்கார்ட், காலையில் பசியின்றி இருந்து, மாலைக்குப் பின்னரே உணவின் பெரும்பகுதியை உண்டு, உறக்கமின்றித் தவிக்கும் நோயாளரை விவரித்தார். 1959இல் அவரே, சிறிது நேரத்துள் பேரளவு உணவை நிறுத்தவியலாமல் உண்டு, பின்னர் தம்மைத் தாமே வெறுத்துக்கொள்ளும் பருமனான நோயாளரைப் பற்றி எழுதினார். 1979இல் லண்டனில் ஜெரல்ட் றசல், தாம் கண்ட 30 நோயாளரை ஆதாரமாகக் கொண்டு 'புலிமியா நெர்வோசா' என்னும் நோயை வரையறுத்தார். இவர்கள் மிதமிஞ்சி உண்பர். பின்னர் வாந்தியெடுத்தோ பேதி மருந்து உட்கொண்டோ அதனை வெளியேற்ற முயல்வர். பலரின் நிறை சாதாரணமாகவே இருக்கும். ஆதலின் உற்றாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் அடுத்தடுத்து வாந்தியெடுப்பதால் குருதியிலுள்ள பொற்றாசியம் குறைந்து, இதயத் துடிப்பு தடுமாறி, திடீர் மரணமும் நேரலாம்.

அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு 1980இல் புலிமியாவை ஏற்றுக்கொண்டது. மிதமிஞ்சி உண்டும் வாந்தி முதலியவற்றால் வெளியேற்றாதவர்களின் நோயை அது 1994இல் பின்னிணைப்பில் மட்டும் வைத்தது. 2013இல்தான் தனி நோயாக ஏற்றது. ஸ்ரங்கார்ட் விவரித்த ஆண்டிலிருந்து கணக்கிட்டால் 54 ஆண்டுகள்! மெலிந்தவரின் துன்பம் நோயென விரைவில் ஒப்புக்கொள்ளப்பட்டது. பருமனானவரின் துன்பமோ அரை நூற்றாண்டு வாயிலிலே காத்து நின்றது.

2013ஆம் ஆண்டுப் பதிப்பு வேறு பலவற்றையும் ஒரே அதிகாரத்துள் கொண்டுவந்தது. உணவின் மணம், பதம், நிறம் ஆகியவற்றைத் தாங்கவியலாமலோ, ஒருமுறை தொண்டையில் விக்கிய அச்சத்தினாலோ பெரும்பாலான உணவுகளைத் தவிர்த்து வாடுவோர் உளர். உடல் பருத்துவிடும் என்ற அச்சம் இவர்களுக்குச் சிறிதும் இல்லை. விழுங்கிய உணவை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடுவோர் உளர். மண், சாம்பல், சுண்ணக்கட்டி போன்ற உணவல்லாப் பொருள்களை உண்போர் உளர். மேலும், பெரிதும் மெலிந்து நோயின் ஏனைய குறிகள் யாவும் இருந்தும், முன்னர் பருமனாக இருந்தமையால் இன்று 'சாதாரண' நிறையில் காணப்படுவோர் உளர். இறுதியாகக் கூறியோரை 'வழமைக்கு மாறான அனொரெக்சியா' எனக் கையேடு குறிக்கிறது. எனினும் நாடித்துடிப்பு தாழ்தல் முதலான ஆபத்துகள், ஒருவர் இன்று எவ்வளவு மெலிந்து காணப்படுகிறார் என்பதை மட்டுமன்றி, எவ்வளவு நிறையை எவ்வளவு விரைவில் இழந்தார் என்பதையும் பொறுத்தவை. எலும்பு தெரியவில்லை என்பதால் இதயம் நலமாயிருக்கிறது என்று பொருளாகாது.

இவை அரிய விதிவிலக்குகள் என்று எண்ணிவிடலாகாது. 2007இல் வெளியான அமெரிக்க நாடளாவிய ஆய்வொன்றின்படி, வாழ்நாளில் அனொரெக்சியாவுக்கு ஆளான பெண்கள் 0.9 சதவீதம், புலிமியாவுக்கு ஆளானோர் 1.5 சதவீதம், மிதமிஞ்சி உண்ணும் நோய்க்கு ஆளானோர் 3.5 சதவீதம். ஆண்களிடையே இவை முறையே 0.3, 0.5, 2.0 சதவீதம். அதாவது, பெயர் பெற்ற இரு நோய்களையும் ஒன்றுகூட்டினும் பெயர் பெறாது கிடந்த மூன்றாவதற்கு ஈடாகவில்லை. அந்த மூன்றாவதிலோ ஆண்களின் பங்கு மிகப் பெரிது. 2011இல் 36 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, அனொரெக்சியா நோயாளரின் இறப்பு, ஒத்த மக்களிடையே எதிர்பார்க்கத்தக்க அளவைவிட ஏறத்தாழ 6 மடங்கு எனவும், இறந்தோருள் ஐவரில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர் எனவும் தெரியவந்தது. புலிமியாவுக்கும், எவ்வகையிலும் அடங்காமல் 'ஏனையவை' என்னும் கூடையில் இடப்பட்டோருக்கும் அது ஏறத்தாழ 2 மடங்காக இருந்தது. 'ஏனையவை' என்பது வகைப்படுத்துவோரின் வசதிக்கான சொல்லேயன்றி, நோய் இலேசானது என்பதற்கான சான்று அன்று.

வரையறையே சிலரை வெளியே நிறுத்திற்று என்பதற்கு மற்றுமொரு சான்று உண்டு. 1994ஆம் ஆண்டுக் கையேட்டில் அனொரெக்சியாவுக்குரிய குறிகளுள் மாதவிடாய் நின்றுபோதலும் ஒன்று. ஆணொருவன் இக்குறியை எங்ஙனம் காட்டுவான்? 2013இல்தான் இது நீக்கப்பட்டது. 1993இல் ஹொங்கொங்கைச் சேர்ந்த உளமருத்துவர் சிங் லீயும் அவர்தம் உடனுழைப்பாளரும் 70 சீன நோயாளரை ஆராய்ந்தபோது, அவர்களுள் 58.6 சதவீதத்தினரிடம் பருமன் பற்றிய அச்சமே காணப்படவில்லை; வயிறு பொருமுகிறது, பசியில்லை என்பனவே அவர்கள் கூறிய காரணங்கள். அவ்வச்சத்தை நோயின் உயிர்க்குறியாகக் கொண்ட மேலை வரையறை இவர்களைத் தவறவிட்டிருக்கும்.

ஈண்டு நமது தரப்பாரிடமும் ஒரு குறையைச் சுட்டுதல் வேண்டும். விளம்பரமும் சந்தையும் பெண்ணுடலை விற்பனைப் பொருளாக்கியதன் விளைவே இந்நோய் என்று கூறி அமைவது முற்போக்காளரின் வழக்கம். இதில் உண்மை உண்டு. பீஜித் தீவுகளின் நாட்ரோகாப் பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. அவ்வாண்டில் மானிடவியலறிஞர் ஆன் பெக்கர் குழுவினர் வினவிய பாடசாலை மாணவியருள், நிறை குறைக்க வாந்தியெடுப்பவர் ஒருவரும் இல்லை. 1998இல் வினவப்பட்ட மாணவியருள் 11.3 சதவீதத்தினர் அவ்வாறு செய்வதாகக் கூறினர். பருத்த உடலை நன்கு பேணப்பட்டதன் அடையாளமாகப் போற்றிய சமுதாயம் அது. ஆயினும் விளம்பரம் ஒன்றையே காரணமாகக் கொள்வோர், தாமறியாமலே அந்தப் பழைய உருவத்துக்கு, கண்ணாடிமுன் நிற்கும் மெலிந்த பெண்ணுக்கு, மீண்டும் உயிர் கொடுக்கின்றனர். ஹொங்கொங்கின் அச்சமற்ற நோயாளரும், விக்கலுக்கு அஞ்சும் சிறுவனும், இரவில் தனித்து உண்ணும் தொழிலாளியும் அவ்விளக்கத்துள் அடங்கார். இந்நோய்களுக்குப் பரம்பரைச் சார்பும் உண்டென்பதைக் குடும்பங்களையும் இரட்டையரையும் ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர்.

எல்லாவற்றிலும் மேலாக, அவ்விளக்கம் பசியை மறந்துவிடுகிறது. 1944ஆம் ஆண்டு இறுதியில், போரினாற் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களை எவ்வாறு மீட்பது என அறியும் நோக்குடன், மின்னெசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். மனச்சாட்சியின் பெயரால் போரில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர் அதற்கு முன்வந்தனர். உடலுறுதியும் மனநலமும் நோக்கித் தெரிவுசெய்யப்பட்டவர்கள். 24 வாரங்கள் அவர்களுக்கு வழமையான உணவில் ஏறத்தாழ அரைப்பங்கே அளிக்கப்பட்டது. உடல் நிறையில் ஏறத்தாழ கால்பங்கை அவர்கள் இழந்தனர்.

நடந்தது யாது? உலக அமைதியைப் பற்றிப் பேசிவந்தோர் உணவைத் தவிர வேறெதையும் பேசாதவராயினர். சமையல் நூல்களைச் சேகரித்து இரவெல்லாம் வாசித்தனர். ஒரு தட்டு உணவை நீர்விட்டுப் பெருக்கி மணிக்கணக்காக உண்டனர், தட்டை நக்கினர். நட்பும் நகைப்பும் அற்றுத் தனிமையை நாடினர். சிலர் விதியை மீறிக் களவாக உண்டு, பின்னர் வெட்கத்தால் நொந்தனர். உணவு மீண்டும் தாராளமாகக் கிடைத்தபோது, வயிறு நிரம்பியும் பசி அடங்காமல், பலர் மாதக்கணக்கில் மிதமிஞ்சி உண்டனர். தம் வயிறும் தொடையும் பருத்துவிட்டனவோ என்று கவலையுற்றோரும் அவருள் இருந்தனர். இவையனைத்தையும் கீஸ் குழுவினர் 1950இல் இரு தொகுதிகளாக வெளியிட்டனர்.

இதன் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். அரசின் அழைப்பையும் அண்டையாரின் ஏளனத்தையும் எதிர்த்துத் தம் கொள்கையில் நின்றவர்கள் இவர்கள். மனவுறுதி என்பது ஓர் அளவைக்கருவியால் அளக்கத்தக்கதாயின், இவர்களிடம் அது மிகுந்தே இருந்திருக்கும். அத்தகையோரே பசியின்முன் இவ்வாறாயினர் எனில், மிதமிஞ்சி உண்பவளைப் பார்த்து 'மனவுறுதி இல்லாதவள்' என்று கூற நமக்கு என்ன தகுதி உண்டு? அவளது செயல், முன்னர் கிடந்த பட்டினிக்கு உடல் தரும் மறுமொழியாகப் பல வேளைகளில் இருக்கிறது. பட்டினிக்குக் காரணம் வறுமையாயினும் தன்னைத்தானே ஒறுத்தலாயினும் உடல் வேறுபாடு காண்பதில்லை. 2017இல் அமெரிக்காவின் சான் அன்ரோனியோ நகரில், இலவச உணவு வழங்கும் நிலையங்களை நாடிவந்த 503 பேரிடம் நடத்திய ஆய்வு இதனை உறுதிசெய்தது. உணவுத் தட்டுப்பாடு எவ்வளவுக்குக் கடுமையோ, அவ்வளவுக்கு மிதமிஞ்சி உண்ணலும் பிற உண்ணல் நோய்க்குறிகளும் மிகுந்திருந்தன. தம் பிள்ளைகளும் பட்டினி கிடக்க நேர்ந்த வீடுகளில், நூற்றுக்கு 17 பேரிடம் கருத்திற்கொள்ளத்தக்க நோய்நிலை இருந்தது. 'வசதி படைத்தோரின் வியாதி' என்ற கூற்று இங்கே வீழ்கிறது.

இக்கீஸ் என்பவரே 1972இல், பெல்ஜிய அறிஞர் கெற்லே 19ஆம் நூற்றாண்டில் மக்கட்கூட்டங்களை ஒப்பிடுவதற்கென வகுத்த கணக்குக்கு 'உடற்றிணிவுச் சுட்டி' என்று பெயர் வழங்கினார். ஒரு கூட்டத்தை அளக்கவென எழுந்த அவ்வெண், இன்று ஒரு மனிதர் உதவிக்கு உரியவரா அல்லரா எனத் தீர்க்கும் வாயிற்காவலனாகப் பல இடங்களில் நிற்கிறது.

பசியின் நோயைக் குணக்கேடாகக் கண்ட வரலாறு இதனினும் பழையது. மண் உண்ணலை நோக்குக. கருவுற்ற மகளிர் மண்ணை விரும்பியுண்பதைத் தமிழர் நன்கறிவர். புறநானூற்றின் 20ஆம் பாடல், மன்னனொருவனின் நாட்டு மண்ணை அவர்களன்றிப் பகைவர் உண்ணார் எனப் புகழ்கிறது. அங்கே அது பழியன்று, இயல்பு. இரும்புச்சத்துக் குறைவும் குருதிச்சோகையும் இவ்விருப்புடன் அடிக்கடி சேர்ந்து காணப்படுவதை இன்றைய மருத்துவம் அறியும். ஆனால் மேற்கிந்தியத் தீவுகளிலும் பிரேசிலிலும் தோட்டங்களில் உழைத்த ஆபிரிக்க அடிமைகள் மண் உண்டபோது, முதலாளிமார் அதனைத் தீயொழுக்கமெனவும், வேலையிலிருந்து தப்பும் சூழ்ச்சியெனவும் கண்டனர். தோட்ட மருத்துவர் அதற்கு ஆபிரிக்கரின் பெயரையே சூட்டினர். அடிமைகளின் வாயை உலோக முகமூடியால் பூட்டினர்! ஒரே செயல், அரசவைக் கவிதையில் பெருமை, கரும்புத் தோட்டத்தில் குற்றம். உண்பவர் யார் என்பதே தீர்ப்பை நிர்ணயித்தது.

உண்ணலைக் குணத்தின் பரீட்சையாகக் கொள்ளும் இவ்வழக்கமே நாம் ஆராயவேண்டிய அறப்பிரச்சினை. இடைக்கால ஐரோப்பாவில் உணவு மறுத்தல் புனிதத்தின் அடையாளமாகவும், பெருந்தீனி ஏழு பெரும் பாவங்களுள் ஒன்றாகவும் கருதப்பட்டன. இன்று அச்சொற்கள் மாறிவிட்டன, கருத்து மாறவில்லை. பாவம் என்ற இடத்தில் மனவுறுதியின்மை வந்து அமர்ந்திருக்கிறது. உண்ணாதவளைப் 'பிடிவாதக்காரி' என்றாலும் உள்ளூர வியக்கிறோம். நிறுத்தாமல் உண்பவனை வெளிப்படையாகவே இகழ்கிறோம். வியப்பு முன்னவளின் நோயை வளர்க்கிறது. இகழ்ச்சி பின்னவனின் நோயை மறைவுக்குத் துரத்துகிறது. ஏழைகளைத் 'தகுதியுள்ளோர்', 'தகுதியற்றோர்' எனப் பிரித்து, பின்னவரைத் தண்டிக்க முற்பட்ட 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மனப்பான்மையை நாம் கண்டிக்கிறோம். நோயாளரை இரக்கத்துக்குரியோர், நகைப்புக்குரியோர் எனப் பிரிப்பது அதே மனப்பான்மையின் மறுபிறப்பேயாகும்.

'அங்ஙனமாயின் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? யாவும் உடலினதும் சூழலினதும் விளைவெனின், அவன் வெறும் பொம்மையா?' என்று கேட்கலாம். அன்று. சுதந்திரம் என்பது வெளியில் தொங்கும் பொருளன்று; அதற்கு நிலைக்களன் வேண்டும். பட்டினி கிடக்கும் மூளை உணவைத் தவிர வேறொன்றை நினையாது. ஆதலினாலேயே இன்றைய சிகிச்சை உபதேசத்திலன்றி உணவில் தொடங்குகிறது. ஒக்ஸ்போட்டில் கிறிஸ்தோபர் பெயார்பேர்ன் வகுத்த முறையில், மிதமிஞ்சி உண்பவருக்கு முதலில் கூறப்படுவது 'குறைத்து உண்' என்பதன்று. நாளில் மூன்று வேளை உணவும் இடையிடையே சிற்றுண்டியும் தவறாது உண்ண வேண்டும் என்பதே. லண்டனின் மோட்ஸ்லி மருத்துவமனையில் வளர்ந்து, 1987இல் முதற் பரிசோதனை முடிவுகள் வெளியான முறையிலோ, பெற்றோர் குற்றவாளிகளாக அன்றி, பிள்ளையை மீட்கும் துணைவராகச் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். பொறுப்பு இங்கே மறுக்கப்படவில்லை. ஒருவர் தோளிலிருந்து பலர் தோளுக்குப் பகிரப்படுகிறது.

அப்பலருள் ஆசிரியரும் மாணவரும் அடங்குவர். வகுப்பினர் முன்னிலையில் பிள்ளைகளை நிறுத்து நிறையைச் சத்தமிட்டுக் கூறுதல், 'குண்டு', 'ஒல்லி' என்று பட்டப்பெயர் வைத்தல், மெலிந்துவிட்ட மாணவியைக் காரணம் அறியாது பாராட்டுதல் ஆகியவற்றை நிறுத்துவதற்குப் பணமோ சட்டமோ வேண்டியதில்லை. மதிய உணவை நாள்தோறும் தவிர்ப்பவர், உண்டவுடன் மலசலகூடம் செல்பவர், காய்ச்சலிலும் ஓய்வின்றி உடற்பயிற்சி செய்பவர், ஓரிரு உணவுகளன்றி வேறெதையும் தொட அஞ்சுபவர், அடிக்கடி மயங்குபவர் எவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும், மெலிந்தவராயினும் பருத்தவராயினும், தனியே அழைத்து அன்புடன் வினவுதல் வேண்டும். நிறையைப் பற்றியன்றி அவர்தம் நலத்தைப் பற்றிப் பேசுதல் வேண்டும். தாமதியாது மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். 'பார்த்தால் நோயாளிபோல் இல்லையே' என்ற சொல்லை நமது வாயிலிருந்து அகற்றுதல் வேண்டும்.

பசித்தவருக்குச் சோறு கேட்டுப் போராடுவது நமது மரபு. உண்ணவியலாது வாடுபவரும், உண்டு உண்டு அழுபவரும் அம்மரபுக்கு அந்நியர் அல்லர். உணவு மனிதருக்கு உரிமை எனின், அச்சமும் வெட்கமும் இன்றி அதனை உண்ணுதலும் அவ்வுரிமையின் பகுதியேயாகும்.